மதுரையின் வடக்குப் பூட்டு

மதுரைக்குக் கோட்டை இருந்தது, உயரம் இருக்கவில்லை. நாயக்கர்கள் எழுப்பிய மதிலும் கொத்தளமும் அகழியும் வைகையின் தென்கரையில், தட்டை மண்ணில் நின்றவை. எதிரி வருவதைத் தூரத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் கோயில் கோபுரத்தில்தான் ஏற வேண்டும். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்த மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படிப் பிறந்தவை. பெரியார் பஸ் நிலையத்தை ஒட்டிக் கோட்டையின் ஒரு துண்டு மட்டும் மிச்சம் இருக்கிறது. பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஊரைச் சுற்றிக் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. யானைமலை, நாகமலை, பசுமலை, சமணர் மலை, திருப்பரங்குன்றம். இவை துறவிகளுக்குக் கல் படுக்கையும் தெய்வங்களுக்குக் குடைவரையும் கொடுத்தன. நகரத்தைக் காக்கும் வேலையை யாரும் இவற்றிடம் பெரிதாக ஒப்படைக்கவில்லை. மதுரையை ஆண்டவர்கள் தங்கள் வீட்டுப் பூட்டை அறுபது கிலோமீட்டர் வடக்கே தள்ளி, திண்டுக்கல் பாறை மேல் மாட்டி வைத்திருந்தார்கள். பூட்டு கையில் இருந்தவரை மதுரையில் நிம்மதி. கை நழுவிய காலங்களில் சோழவந்தான் வயல் வரை குதிரைப் படை வந்து மேய்ந்தது.

இந்த வாரம் அந்தப் பாறை மேல் ஏறுவோம்.

மதுரையிலிருந்து வடக்கே வாடிப்பட்டி தாண்டும்போது வலப்பக்கம் சிறுமலை கூடவே வரத் தொடங்கும். இடப்பக்கம் கொஞ்சம் தள்ளிக் கொடைக்கானல் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவில் உள்ள சமவெளி வழியாகத்தான் சாலையும் ரயிலும் போகின்றன. கோடை ரோடு ரயில் நிலையம் இருக்கும் அம்மையநாயக்கனூரைச் சாதாரணமாகக் கடந்துபோகாதீர்கள். மதுரை நாயக்க வம்சத்தின் கடைசிச் சண்டைகளில் ஒன்று அங்கே நடந்தது. அரசி மீனாட்சியைத் திருச்சியில் ஏமாற்றிய சந்தா சாகிப்பின் படைக்கும் பங்காரு திருமலைக்கும் நடந்த அந்த மோதலில் பங்காரு திருமலை தோற்றார்.

மைசூர்ப் படை தமிழ்நாட்டுக்குள் இறங்கினால் கஜலட்டிக் கணவாய், சத்தியமங்கலம், கோவை அல்லது கரூர் வழியாக வந்து மதுரைக்குத் திரும்பும் இடம் திண்டுக்கல். திருச்சியிலிருந்து வருகிறவர்களும் இங்கே வந்துதான் தெற்கே இறங்க வேண்டும். நத்தம் வழியாக வேறொரு கணவாய் உண்டு. அதுவும் இந்தப் பாறையிலிருந்து ஒரு நாள் குதிரைச் சவாரி. இப்படி வழிகள் எல்லாம் கூடுகிற இடத்தில், மரம் மட்டையில்லாமல் மொட்டையாக ஒரு பெரும்பாறையை இயற்கை வைத்துவிட்டுப் போனால் ராஜாக்கள் சும்மா இருப்பார்களா?

பாறையின் உச்சி வரை கட்டிய கோட்டை என்றால் நமக்குச் செஞ்சியும் திருமயமும் நினைவுக்கு வரும். எனக்குத் திண்டுக்கல் பாறையின் படிகளில் ஏறும்போது நினைவுக்கு வந்தது வேறொரு ஊர். மத்தியதரைக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான கோர்சிகா தீவின் தெற்கு முனையில் போனிபாசியோ என்றொரு பழைய நகரம் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை கடலுக்கு நேர்செங்குத்தாக நிற்கிறது. அதன் விளிம்பில், சில இடங்களில் விளிம்பையும் தாண்டி, வீடுகள் வரிசையாக நிற்கின்றன. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஜெனோவாக்காரர்கள் வைத்திருந்த ஊர் அது. 1420இல் அரகோன் நாட்டு மன்னர் ஐந்தாம் அல்போன்சோ முற்றுகை போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். ஜெனோவாக் கப்பல்கள் உதவிக்கு வந்து சேர, அவர் கிளம்பிவிட்டார்.

அந்தச் செங்குத்துப் பாறையில் 187 படிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அல்போன்சோவின் வீரர்கள் ஒரே இரவில் வெட்டியவை என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். ஆராய்ந்தவர்கள் சொல்வது அதைவிடச் சுவையானது: ஊர்க்காரர்கள் கீழே இருக்கிற நல்ல தண்ணீருக்குப் போய்வர நெடுநாளாக வெட்டி வைத்த படிகள் அவை. இப்படிக் கதை கட்டுவது நம்மூரிலும் உண்டு. எந்தக் கோட்டைக்குப் போனாலும் 'இங்கிருந்து மதுரை மீனாட்சியம்மன் கோயில் வரைக்கும் சுரங்கப்பாதை இருக்குண்ணே' என்று ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். திண்டுக்கல்லிலும் சொன்னார். கருங்கல் பாறையை அறுபது கிலோமீட்டர் குடைந்த அந்த மகராசன் யாரென்று கேட்டேன். திப்பு என்றார்.

எல்லாவற்றுக்கும் திப்புதான். உள்ளூரில் பலருக்கு இது திப்பு சுல்தான் கோட்டை. திப்புவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே இது மதுரை நாயக்கர்களின் கோட்டை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். உச்சியில் இருக்கும் கோயிலோ இன்னும் பழையது. விஜயநகர அச்சுத தேவராயர் காலத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. பாறைக்கு முதலில் குடிவந்தது சாமி, பிறகுதான் பீரங்கி.

ஏறும் வழி ஊர் பக்கம், கிழக்குச் சரிவில் இருக்கிறது. மற்றப் பக்கங்களில் பாறை வழுக்கலாக இறங்கிவிடுகிறது. அங்கே மதில் கட்டியதே கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றும். படிகள் பாறையிலேயே வெட்டியவை, அகலமானவை, சரிவு அதிகமில்லாதவை. குதிரைகளும் பீரங்கி இழுப்பவர்களும் ஏறுவதற்கான அமைப்பு அது என்று காலே சொல்லிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல் போனால் அந்தக் காலே வேறு சில வார்த்தைகளும் சொல்லும். நிழல் என்பது வாசலுக்கு அடியில் மட்டும்தான்.

மேலே போனதும் முதலில் தேட வேண்டியது தண்ணீர் நின்ற இடங்களை. கோட்டை என்றதும் நமக்குப் பீரங்கிதான் கண்ணில் படும். மழைநீரைப் பாறைக் குழிகளில் பிடித்து வைத்தார்கள். மலை மேல் இருக்கிற படைக்கு வெடிமருந்து தீர்ந்தால் சமாளிக்கலாம், தண்ணீர் தீர்ந்தால் சமாளிக்க முடியாது. அதற்கடுத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய படைவீரர் குடியிருப்புகள், தடித்த சுவர் வைத்த வெடிமருந்துக் கிடங்கு, சிறை அறைகள், பீரங்கி மேடைகள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோயில். தூண்களும் சிற்பங்களும் அப்படியே நிற்கின்றன, கருவறை காலி. சாமிகள் அடிவாரத்துக்கு இறங்கி, இன்று ஊருக்குள் அபிராமி அம்மன் கோயிலில் பூசை வாங்கிக்கொள்கிறார்கள். பத்மகிரீசுவரர், காளகத்தீசுவரர், அபிராமி, ஞானாம்பிகை என்று குடும்பமே கீழேதான். பக்தர் வேடத்தில் ஒற்றர்கள் கோட்டைக்குள் நுழையக்கூடாது என்பதற்காக மைசூர்க்காரர்கள் இறக்கி வைத்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. ராணுவ முகாமுக்குள் தினமும் ஊர்சனம் அர்ச்சனைத் தட்டோடு வந்து போவதை எந்தத் தளபதிதான் விரும்புவான்?

உச்சியில் நின்று பார்த்தால் ஏன் இந்தப் பாறைக்கு இவ்வளவு அடிதடி என்பது புத்தகம் இல்லாமலே புரிந்துவிடும். சிறுமலை ஒருபுறம், கொடைக்கானல் மலை ஒருபுறம், நடுவில் உள்ளங்கையில் வைத்ததுபோல் சாலைகள். வடக்கே கரூர்ப் பக்கம் தூசி கிளம்பினாலே மேலே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். மதுரைக்கு ஓலை கொண்டு ஓடக் குதிரைக்காரனுக்கு அவகாசம் கிடைக்கும். பாறை கொடுத்த லாபம் இதுதான்: அவகாசம்.

அந்த அவகாசம் திருமலை நாயக்கருக்குக் கிடைக்காமல் போனது 1650களின் பின்பகுதியில். மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜரின் படை இறங்கி வந்தது. வழியெல்லாம் அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்து மூட்டை கட்டி மைசூருக்கு அனுப்பினார்கள். சேசு சபைப் பாதிரியார் புரோயென்சா 1659இல் எழுதிய கடிதத்தில் இந்தக் கொடுமை பதிவாகியிருக்கிறது. திருமலை நாயக்கர் நோயில் படுத்திருந்த நேரம். ராமநாதபுரத்து ரகுநாத சேதுபதிக்கு ஆள் போனது. சேதுபதி மறவர் படையோடு வந்து மதுரையைக் காத்து, மைசூர்க்காரர்களைத் திண்டுக்கல் பக்கம் விரட்டினார். பதிலுக்கு மதுரைப் படை மேலே ஏறிப் போய் அதே வேலையை மைசூரில் செய்தது. மூக்கறு போர் என்று இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இரு தரப்பிலும் பெருமைப்பட ஏதுமில்லாத போர்.

நாயக்கர் ஆட்சி 1730களில் சரிந்த பிறகு 1740களில் பாறை மைசூர் கைக்குப் போனது. அங்கிருந்துதான் உண்மையான கதை சூடு பிடிக்கிறது, ஏனென்றால் 1755இல் இங்கே பவுஜ்தாராக வந்து இறங்கியவர் ஹைதர் அலி. அப்போது அவர் மன்னர் இல்லை, தளபதிகூட இல்லை. மைசூரின் உண்மை அதிகாரியாக இருந்த நஞ்சராஜர், திருச்சி முற்றுகையில் பணத்தைக் கரைத்துவிட்டுத் திரும்பியிருந்தார். திண்டுக்கல் பாளையக்காரர்கள் கிஸ்தி கட்ட மறுத்தார்கள். வசூலித்துக் கொடுக்க ஒரு முரட்டு ஆள் தேவைப்பட்டான். எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர் பொருத்தமாக இருந்தார்.

இந்தக் காலத்தைப் பற்றி மார்க் வில்க்ஸ் சொல்லும் கதை ஒன்று உண்டு. வில்க்ஸ் மைசூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர், தென்னிந்திய வரலாறு எழுதியவர், ஹைதரை வியந்துகொண்டே வெறுத்தவர். பாளையக்காரர்களோடு நடந்த மோதல் ஒன்றில் பெருவெற்றி என்று ஹைதர் அரண்மனைக்கு எழுதினாராம்; காயம்பட்டவர்களுக்கு உதவிப்பணம் வேண்டும் என்றும் கேட்டாராம். உண்மையில் காயம் பட்டவர்கள் 67 பேர். பார்வையிட அதிகாரி வந்தபோது 700 பேர் மஞ்சள் தோய்த்த துணிக்கட்டோடு வரிசையில் நின்றார்கள்! 700 பேருக்கும் பணம் வந்தது. நிஜமாகவே அடிபட்டவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை ஹைதர் வைத்துக்கொண்டார். படையைத் தலை எண்ணும்போதும் அதே தந்திரம்: எண்ணப்பட்டவர்கள் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி எண்ணிக்கைக்குள் நுழைவார்கள். பத்தாயிரம் பேர் பதினெட்டாயிரம் ஆனார்கள்.

ஆங்கிலேயர் எழுதியது, கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்திருப்பார் என்று கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பணம் எங்கே போனது என்பதையும் வில்க்ஸ்தான் சொல்கிறார், அதை நான் நம்புகிறேன். திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரியிலிருந்து கைதேர்ந்த தொழிலாளர்களை வரவழைத்து, பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் திண்டுக்கல்லில் பீரங்கிப் படையும் ஆயுதசாலையும் ஏற்படுத்தினார் ஹைதர். பிற்காலத்தில் கம்பெனியை இரண்டு தலைமுறை தூங்கவிடாமல் செய்த மைசூர்ப் பீரங்கிப் படையின் பிறப்பிடம் மதுரைச் சீமையின் ஒரு மொட்டைப் பாறை. மைசூரை ஆண்ட ஹைதரைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஹைதரை ஹைதர் ஆக்கிய ஊரை அவ்வளவு எழுதவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனை அரசியலுக்குள் அவர் நுழைந்தபோது கையில் இருந்த சொந்தப் படையும் சொந்தப் பணமும் திண்டுக்கல் கொடுத்தவை.

1757இல் அவர் மதுரை மேல் கண் வைத்தார். சோழவந்தான் வழியாக வந்து சுற்றுவட்டாரத்தைச் சூறையாடினார். கோட்டை வலுவாக இருக்கவே மதுரையைத் தொடவில்லை. நத்தம் கணவாய்ப் பக்கம் யூசுப் கான் அவரை மறித்து அடித்தார். நாம் மருதநாயகம் என்று சொல்கிறோமே, அதே கான் சாகிப். அடுத்த சில ஆண்டுகளில் வத்தலக்குண்டுக்காக இரு தரப்பும் மாறி மாறி மோதின. கம்பெனிக்காக மதுரையைக் காத்த அதே யூசுப் கானைக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்து 1764 அக்டோபர் 15 அன்று மதுரைக்கு வெளியே தூக்கில் போட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் இன்றும் கான் சாகிப் பள்ளிவாசல்தான். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே நிற்க நேரமில்லை.

1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு அவர் மனைவி வேலு நாச்சியார் சிவகங்கைச் சீமையை விட்டு வந்து தஞ்சம் புகுந்தது இந்தப் பக்கம்தான், விருப்பாச்சியில். பாளையக்காரர் கோபால் நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அமைச்சர் தாண்டவராய பிள்ளை ஹைதருக்குக் கடிதம் எழுதினார்: ஐயாயிரம் குதிரை வீரர்கள், ஐயாயிரம் காலாட்கள் வேண்டும். படை கிடைக்க எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1780இல் ஹைதர் கொடுத்த படையோடும் மருது சகோதரர்களோடும் ராணி சிவகங்கையை மீட்டார். திண்டுக்கல்லை அப்போது நிர்வகித்தவர் ஹைதரின் மைத்துனர் மீர் சாகிப். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கம் இருக்கும் பள்ளிவாசலால் ஊரின் ஒரு பகுதியே பேகம்பூர் ஆகிவிட்டது. கோட்டை உச்சியிலிருந்து அந்தப் பள்ளிவாசலைப் பார்க்கலாம்.

மைசூரோடு போர் மூளும்போதெல்லாம் கம்பெனி முதலில் கை நீட்டும் இடங்களில் ஒன்றாகப் பாறை ஆனது. முதல் மைசூர்ப் போரில் பிடித்தார்கள், 1768இல் இழந்தார்கள். 1783இல் மறுபடி பிடித்தார்கள், மறு ஆண்டே மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். 1790இல் மூன்றாம் முறை. அந்த மூன்றாம் முறைதான் படிக்கச் சுவையானது.

மூன்றாம் மைசூர்ப் போரில் கம்பெனித் தளபதி மெடோஸ் தலைமையில் பெரிய படை கோவைக்குப் போனது. திண்டுக்கல்லைப் பிடிக்க கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அனுப்பப்பட்டார். கோட்டை பழையது, இரண்டு குண்டு விழுந்தால் திறந்துவிடும் என்பது கணக்கு. வந்து பார்த்தால் திப்பு நன்றாகச் செப்பனிட்டு வைத்திருந்தார். ஸ்டூவர்ட்டிடம் இருந்த குண்டும் மருந்தும் சொற்பம். இரண்டு நாள் சுட்டதில் மதிலில் ஒரு சுமாரான உடைப்பு விழுந்தது. வெடிமருந்து ஏறக்குறைய தீர்ந்தது. புது மருந்து வரும்வரை பேசாமல் உட்கார்ந்தால் உள்ளே இருப்பவனுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆகஸ்ட் 21 மாலை ஸ்டூவர்ட் அந்த அரைகுறை உடைப்பு வழியாகவே வீரர்களை ஏறச் சொன்னார். ஏறினார்கள், தள்ளப்பட்டார்கள். மறுபடி ஏறினார்கள், மறுபடி தள்ளப்பட்டார்கள். இருட்டியதும் திரும்பிவிட்டார்கள்.

விடிந்து பார்த்தால் உடைந்த மதில் மேல் வெள்ளைக் கொடி! கீழே மருந்து தீர்ந்து போனது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. இன்னொரு தாக்குதல் வரும் என்று பயந்து, சிப்பாய்களில் பெரும்பாலோர் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு இறங்கி ஓடிவிட்டார்கள். தாக்குதலில் ஜெயித்த கோட்டைத் தலைவரான கில்லேதார், ஆளில்லாமல் கோட்டையை ஒப்படைத்தார்.

பாறைக் கோட்டைகளுக்கு இது ஒரு தலையெழுத்துபோல. போனிபாசியோவும் 1553இல் இப்படித்தான் விழுந்தது. பிரெஞ்சுப் படையும் துருக்கியத் தளபதி திராகுத்தும் சேர்ந்து முற்றுகையிட்டும் மசியாத ஊர், ஜெனோவாவிலிருந்து இனி உதவி வராது என்று வந்த பொய்க் கடிதத்தை நம்பிக் கதவைத் திறந்தது. திண்டுக்கல்லின் வரலாற்றை ஒட்டுமொத்தமாகப் பார்த்தாலும் என் முடிவு அதுதான். மதிலேறிப் பிடித்த பெருமை இங்கே யாருக்கும் பெரிதாக இல்லை. ஹைதருக்கு நியமன ஆணையில் கிடைத்தது. திப்புவுக்கு 1784 உடன்படிக்கையில் திரும்பியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாதி ராஜ்யத்தோடும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் அபராதத்தோடும் சேர்த்துக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. இரண்டு இளவரசர்களைப் பிணையாகக் கொடுத்தாரே திப்பு, அதே உடன்படிக்கைதான். சேலமும் பாராமகாலும் மலபாரும் அந்தப் பட்டியலில் உண்டு.

கோர்சிகாவை நினைவுபடுத்திக்கொள்ள எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 1793 தொடக்கத்தில், போனிபாசியோவின் அந்தப் பாறை மேல் ஓர் இளம் பீரங்கி அதிகாரி தங்கியிருந்தார். அதே தீவின் அஜாக்சியோவில் 1769இல் பிறந்தவர், பெயர் நெப்போலியன். ஆறு ஆண்டு கழித்து, 1799 ஜனவரியில், எகிப்திலிருந்து அவர் திப்புவுக்கு நட்புக் கடிதம் எழுதினார். கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே 4 அன்று திப்பு வீழ்ந்தார். நெப்போலியன் தோற்று செயின்ட் ஹெலெனா தீவுக்குக் கைதியாகப் போய் இறங்கியபோது அந்தத் தீவின் ஆளுநராக இருந்தவர் யார் தெரியுமா? மஞ்சள் கட்டுக் கதையை நமக்கு எழுதி வைத்த மார்க் வில்க்ஸ். இருவரும் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். திண்டுக்கல் பெயர் அந்தப் பேச்சில் வந்திருக்குமா என்று கற்பனை செய்து பார்ப்பதில் தவறில்லை.

மதுரையின் நிர்வாக வரலாற்றையும் இந்தப் பாறை தலைகீழாக்கியது. மதுரைச் சீமை கம்பெனிக்கு முழுதாக வந்தது 1801இல். அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே, 1790இலேயே, திண்டுக்கல்லுக்குக் கம்பெனி கலெக்டர் வந்துவிட்டார். மக்லியாட் என்பவர் முதலாவது. மதுரையை ஆளக் கற்றுக்கொண்ட பாடசாலை திண்டுக்கல். பிறகு மதுரை தலைநகர் ஆனது, திண்டுக்கல் அதற்குள் ஒரு தாலுகா ஆனது. 1985இல்தான் மறுபடி தனி மாவட்டம். கோட்டையில் ஆங்கிலேயரின் சிப்பாய்கள் 1860 வரை இருந்தார்கள். அதன் பிறகு காக்க யாரும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அடிக்க யாரும் வரவில்லை.

இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவுச் சீட்டு உண்டு, காவலாளி உண்டு, படியோரம் கைப்பிடிக் கம்பி உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று நீலப் பலகை உண்டு. அந்தப் பலகைக்குப் பின்னால் சுவரில் காதலர் பெயர்களும் உண்டு. சுண்ணாம்புப் பூச்சில் ஆணியால் கீறியவை. நானூறு ஆண்டு நின்ற சுவர் இன்னொரு நானூறு ஆண்டு நிற்கும், ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதன் பூச்சு கொஞ்சம் உதிர்கிறது. மதுரை தன் கோட்டையைத் தானே இடித்துக்கொண்ட ஊர். அதன் வடக்குப் பூட்டாவது முழுதாக இருக்கிறது என்பதில் எனக்குத் தனி ஆறுதல். கோட்டைக்குள் எது கிடங்கு, எது சிறை, எது கோயில், யார் எப்போது கட்டியது என்று நாலு வரி தமிழில் ஆங்காங்கே எழுதி வைத்தால் சுரங்கப்பாதைக் கதைக்கு வேலை குறையும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கும் சொல்ல ஏதாவது கிடைக்கும்.

போகிறவர்கள் வாசல் திறந்ததும் ஏறிவிடுங்கள், தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள், மழை பெய்த மறுநாள் விளிம்புப் பக்கம் போகாதீர்கள். இறங்கியதும் பிரியாணிக்கு ஓடுவது வழக்கம், தப்பில்லை. அதற்கு முன் ஊருக்குள் கோபாலசமுத்திரக் குளக்கரைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். வேலு நாச்சியாருக்கு இடம் கொடுத்த விருப்பாச்சி கோபால் நாயக்கர், தென்னாட்டுப் பாளையக்காரர்களைக் கம்பெனிக்கு எதிராக ஒன்று திரட்டினார் என்பதற்காக 1801 செப்டம்பர் 5 அன்று அந்தக் குளத்தருகே தூக்கிலிடப்பட்டார். அடுத்த வாரம் விருப்பாச்சிக்குப் போவோம்.

(தொடரும்)